ஊசி ஏன் கேட்கவில்லை?

"மாமாவுக்கு ஹெபடைடிஸ் சி. வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை, 48 வாரம். கேட்கவே இல்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் நேர்மாறு.

1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்த இன்டர்ஃபெரான், கல்லீரலைத் தாக்கும் அந்த ஹெபடைடிஸ் சி வைரஸைத் தொடுவதே இல்லை. தொற்று கண்ட செல் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு விடும் எச்சரிக்கை அது. கல்லீரல் செல்லின் மேல் சேதி வாங்கும் புரதமான ஏற்பியில் அது ஒட்டியதும் ஜாக்1, டிக்2 என்ற நொதிகள் விழிக்கும். ஸ்டாட்1, ஸ்டாட்2 புரதங்கள் உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான ஜீன்களை முடுக்கும். அவற்றில் பிறக்கும் புரதங்களில் ஒன்று செல்லின் புரதத் தயாரிப்பையே நிறுத்தும். இன்னொன்று ஆர்என்ஏவை நறுக்கும் நொதியைத் தூண்டிவிடும். ஊசி போட்ட அன்று வரும் காய்ச்சலும் உடம்புவலியும் இன்டர்ஃபெரானின் வேலைதான்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது யுஎஸ்பி18. அதே கட்டளையில் பிறந்து, அந்தக் கட்டளைக்கே தடை போடும் புரதம். ஏற்பியின் உட்பக்கம் போய் ஒட்டிக்கொண்டு, ஜாக்1 வேலை செய்யவிடாமல் மறித்துவிடும். அதை அங்கே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவது யார் தெரியுமா? சேதியை உள்ளே கொண்டுபோன அதே ஸ்டாட்2! இனி வெளியே எத்தனை இன்டர்ஃபெரான் வந்து ஒட்டினாலும் உள்ளே சேதி போகாது. எலிக்கு ஒரு ஊசி போட்டு, சில மணி நேரம் கழித்து அடுத்ததைப் போட்டால் கல்லீரல் அசைவதில்லை. யுஎஸ்பி18 இல்லாத எலியில் அசைகிறது.

2008-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் ஆய்வாளர்கள் முதல் ஊசிக்கு முன்னும், 4 மணி நேரம் கழித்தும் நோயாளிகளின் கல்லீரலில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சீக்கிரம் குணம் தெரிந்தவர்களிடம் இன்டர்ஃபெரான் முடுக்கும் அந்த ஜீன்கள் ஊசிக்கு முன் அடங்கியிருந்தன, பின் எகிறின. பலன் கிடைக்காதவர்களிடமோ அவை முன்பே உச்சத்தில். ஊசி கூட்டியது சொற்பம். எதிர்ப்பு குறைவல்ல, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது; யுஎஸ்பி18 போன்ற தடையும் கூடவே இருந்திருக்கும். அப்படி ஓயாமல் விழித்திருப்பதில் பிறவியிலேயே வரும் ஐஎஃப்என்எல்4 ஜீனுக்கும் பங்குண்டு. 2013-இல்தான் அது பிடிபட்டது. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று லேகியம் விற்பவர்கள் எதைக் கூட்டுகிறார்கள் என்று ஒருநாள் சொன்னால் தேவலை.

மாமாவுக்கு இன்னும் வைரஸ் இருந்தால் கவலை வேண்டாம். சோஃபோஸ்புவிர் வகை மாத்திரைகள் வைரஸின் நொதியையே நேராக முடக்குபவை. ஏற்பியின் தயவு தேவையில்லை. பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும், நூற்றில் 90-க்கு மேல் குணமாகிறார்கள். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு சிகிச்சை மையங்களில் இலவசமாகவே தருகிறார்கள்.