முதற்குடி: 'இண்டிஜினஸ்' என்பதற்கு எந்தச் சொல்?

கனடாவிலோ நியூசிலாந்திலோ ஒரு பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் 'இண்டிஜினஸ் கல்ச்சரல் அண்ட் லேர்னிங் சென்டர்' ஒன்றைக் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழில் அந்தச் செய்தி வரும்போது 'பழங்குடியினர் கலாச்சார மற்றும் கற்றல் மையம்' என்று ஆகியிருக்கும். பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் படிப்பவர் கண்முன் வருவது கண்ணாடிப் பெட்டிக்குள் வில்லும் அம்பும் பாசிமணியும்தான். இல்லாவிட்டால், சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நின்ற வரிசை.

மூலச்சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் 'இண்டிஜெனா'. 'இண்டு' என்றால் பழைய லத்தீனில் உள்ளே. 'ஜென்' என்பது பிறப்பைக் குறிக்கும் வேர், நம் வாயில் புழங்கும் ஜனனம், ஜனம் ஆகியவற்றுக்குத் தூரத்துச் சொந்தம். ஆக, உள்ளே பிறந்தவர், அந்த மண்ணிலேயே பிறந்தவர். ஆங்கிலத்துக்கு இது 17ஆம் நூற்றாண்டில் வந்தது. இந்தியாவோடு இதற்கு உறவு ஏதும் இல்லை. இந்தியா சிந்து நதியிலிருந்து வந்த பெயர். கொலம்பஸ் திசை தப்பி வைத்துவிட்டுப் போன 'இந்தியர்' என்ற பெயரும் அந்த வழிதான். ஒலி ஒத்திருக்கிறதே என்று இரண்டையும் முடிச்சுப் போடுபவர்கள் இன்றும் உண்டு.

இந்த லத்தீன் சொல்லில் இடம் இருக்கிறது, வயது இல்லை. நம் 'பழங்குடி'யிலோ வயதுதான் முன்னால் நிற்கிறது. பழங்கஞ்சி, பழந்துணி, பழங்கதை: 'பழம்' ஒட்டிக்கொண்டால் அந்தப் பொருளின் காலம் போய்விட்டது என்று அர்த்தம். கனடாவின் 1982 அரசியல் சட்டம் அந்நாட்டு மண்ணின் மக்களாக மூன்று பிரிவினரைச் சொல்கிறது. அவர்களில் மெட்டீ மக்கள், ஐரோப்பிய வணிகர்களுக்கும் அந்த மண்ணின் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் வழியே தனி இனமாக உருவானவர்கள். அவர்களை 'பழம்' என்று எப்படிச் சொல்வது?

சட்டச் சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பழங்குடி என்றால் தோடர், இருளர், காணிக்காரர் போன்றோரின் பெயர்கள் உள்ள அரசுப் பட்டியல். 2007 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை இண்டிஜினஸ் மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்துத்தான் வாக்களித்தது. ஆனால் விடுதலையின்போது இந்நாட்டில் இருந்த எல்லோருமே இண்டிஜினஸ்தான் என்பது தில்லியின் நிலைப்பாடு. அதாவது நம் அரசின் பார்வையிலேயே இரண்டு சொல்லும் ஒன்றல்ல. (அன்று எதிர்த்து வாக்களித்த நாடுகள் நான்கே: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பின்னர் நான்கும் மனம் மாறின.)

சரி, வேறு என்ன இருக்கிறது? 'ஆதிவாசி' 20ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த வடசொல். இலங்கையில் வேடுவர்களை இப்படித்தான் அழைக்கிறார்கள், அங்கே அது பொருந்துகிறது. 'மண்ணின் மைந்தர்' மேடை ஏறிக் கெட்டுப்போனது. 'மூத்தகுடி' என்றால் உடனே "கல்தோன்றி மண்தோன்றா" என்று நாமே மார்தட்டக் கிளம்பிவிடுவோம். பிறருக்கு அதை விட்டுக்கொடுக்க நம்மவர்களுக்கு மனம் வராது.

'குடி' நல்ல சொல். அதை விடக்கூடாது. குடும்பம், குலம், ஊர் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. காரைக்குடியும் மன்னார்குடியும் ஊர்ப்பெயர்கள். வள்ளுவரின் 'குடிமை' பிறப்பைப் பேசுகிறது. லத்தீன்காரன் இரண்டு வேரைச் சேர்த்துச் சொன்னதில் பாதிக்குமேல் இந்த ஒரே சொல்லில் அடக்கம். பிற்பாடு வந்தவர்களுக்கும் இதிலிருந்தே சொல் கிடைக்கிறது: குடியேறிகள்.

குடிக்கு முன்னால் என்ன போடுவது என்பதுதான் கேள்வி. என் தேர்வு 'முதல்'. எண் வரிசையில் ஒன்று என்பது அதன் ஒரு பொருள்தான். மரத்தின் அடிக்கு மரமுதல் என்று பெயர். கிளை சினை, அடி முதல். தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: "முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு". நிலமும் காலமும் சேர்ந்ததே முதல். பழங்குடி தவறவிட்ட நிலம் இங்கே திரும்பி வந்துவிடுகிறது. மெட்டீக்கும், வேர் என்ற பொருளில், ஓரளவு பொருந்தும். 'ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்' என்பது அந்த மூவரில் ஒரு பிரிவு மட்டுமே. அதற்கு 'முதல் தேசத்தார்' என்று தனியே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனால் புரியும். வளாகம் இருப்பது மஸ்குவியம் மக்களின் நிலத்தில். அங்கே பல நிகழ்ச்சிகளிலும் முதலில் சொல்லும் வாசகத்தில் 'அன்சீடட்' என்று ஒரு சொல் வரும். நம்மூர் பத்திர எழுத்தரிடம் கேட்டால் 'எழுதிக் கொடுக்காத நிலம்' என்பார். அதைவிடச் சரியான தமிழ் எனக்குத் தோன்றவில்லை. அந்த நிலத்தில் 1993இல் திறந்தது முதல் தேசத்தாரின் நெடுவீடு. தேவதாரு மரத்தூண்கள், அவற்றில் செதுக்கிய உருவங்கள், மேற்குக் காற்றின் ஆவியின் பெயர் சூட்டிய பெரிய கூடம். பக்கத்திலேயே ஒரு நூலகம்; அதன் பெயருக்கு ஸ்குவாமிஷ் மொழியில் எதிரொலி என்று பொருள்.

அந்த நூலகத்தின் அலமாரியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பகுப்பு முறையில் இம்மக்களைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் 'அமெரிக்க வரலாறு' என்ற அடுக்குக்குப் போய்விடும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி நேற்று எழுதிய புத்தகமும் வரலாற்றில்தான். இங்கே அந்த முறை இல்லை. பிரையன் டீர் என்ற மோஹாக் இன நூலகர் 1970களில் உருவாக்கிய முறையைத் தங்கள் பகுதிக்கு ஏற்ப மாற்றி வைத்திருக்கிறார்கள். அகரவரிசைப்படி அடுக்காமல், எந்த மக்கள் எந்த மக்களுக்கு அண்டை என்ற நிலவரிசைப்படி அடுக்குகிறார்கள். பழங்குடிக்கும் முதற்குடிக்கும் உள்ள தூரம் அந்த இரண்டு அலமாரிகளுக்கு இடையே இருக்கிறது.

இனி 'லேர்னிங் சென்டர்'. கற்றல் என்பது இம்மக்களுக்கு இனிப்பான சொல் அல்ல. கனடாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1990கள் வரை சுமார் 1,50,000 பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். அந்நாட்டின் 1876 'இந்தியர் சட்டமோ', இவர்களில் ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினால் சட்டப்படி 'இந்தியர்' அல்லாதவர் ஆகிவிடுவார் என்று எழுதிவைத்திருந்தது. பட்டம் வந்தால் குடி போய்விடும். அப்படிப்பட்ட பல்கலைக்கழகத்துக்குள் கட்டும் இடத்துக்கு 'மையம்' என்று கணினிப் பயிற்சிக்கூடத்தின் பெயரை வைப்பது எனக்கு ஒட்டவில்லை.

அவர்களும் பல இடங்களில் வீடு என்றே சொல்கிறார்கள். நெடுவீடு அப்படி. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்துக்கு, நம் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கும் இடம் அது, விக்வாம் குடிலின் சாயலில் வடிவமைத்த கட்டடத்துக்கும் பெயர் 'இண்டிஜினஸ் ஹவுஸ்'. தமிழில் 'இல்லம்' என்றால் முதியோர் இல்லம் நினைவுக்கு வருகிறது; 'மனை' என்றால் ரியல் எஸ்டேட். மன்றம் அருமையான சொல். மரத்தடியில் ஊர் கூடும் வெளி. ஆனால் ரசிகர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எளிமையாக 'முதற்குடி வீடு' போதும்.

மன்றத்தின் பழைய பொருள் மாறாமல் இருப்பது நியூசிலாந்தின் முதற்குடிகளான மாவோரிகளின் 'மராயே'யில். முன்னால் திறந்த வெளி, பின்னால் கூடம். உள்ளே நுழையும்போது நம்மைப் போலவே செருப்பை வாசலில் விட வேண்டும். மாவோரிகள் தங்களை 'தங்காட்டா ஃபெனுவா', நிலத்து மக்கள், என்கிறார்கள். ஃபெனுவா என்றால் நிலம். நஞ்சுக்கொடியும் அதே சொல்தான். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. இண்டிஜெனா என்று லத்தீன் சொன்னதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகம் 1986இல் திறந்த மராயேயின் பெயர் 'தே ஹெரெங்கா வாக்கா': ஓடங்கள் கட்டும் இடம். பின்னாளில் பல்கலைக்கழகமே தன் மாவோரிப் பெயராக அதை எடுத்துக்கொண்டது. தமிழில் எழுதுவதானால் ஓடத்துறை. பல்கலைக்கழகத்தில் துறை இருப்பது நமக்குப் பழக்கமானதுதானே.