எல்லோருக்கும் காப்பீடு வரும்வரை: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எங்கெல்லாம் மாட்டிக்கொள்கிறோம்

வீட்டில் ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்திருக்கிற பையை எடுத்து, அதில் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது எந்த வருடத்தது என்றும் பாருங்கள். எங்கள் தெருவில் பூ கட்டி விற்கும் அக்கா, கணவருக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி அப்படி ஒரு பையோடுதான் தனியார் மருத்துவமனைக்கு ஓடினார். அவர் கவுண்ட்டரில் நீட்டியது 2009இல் கொடுத்த கலைஞர் காப்பீட்டு அட்டை. ஓரமெல்லாம் பிரிந்து, படத்தில் மூத்த மகள் இரட்டைச் சடையோடு நிற்கிறாள். அந்த மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். "இது வராதும்மா, முன்பணம் கட்டுங்க" என்று சொல்லிவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அக்கா காதிலிருந்த தோட்டைக் கழற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் குடும்பத்துக்குத் தகுதி எல்லாம் இருந்தது, புது அட்டை வாங்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பின்னணியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2009 ஜூலையில் வந்தது கலைஞர் காப்பீடு. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. இப்போது குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆளுக்கு 5 லட்சம் இல்லை, குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான். 2022 ஜனவரியில் வருமான வரம்பை 72,000இலிருந்து 1,20,000 ஆக்கினார்கள். அப்போது போட்ட ஒப்பந்தப்படி 1.37 கோடிக் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 849 ரூபாய் வீதம் பிரீமியத்தை அரசே யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்குக் கட்டுகிறது. நாம் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஆகவே "அட்டை போட்டுத் தருகிறேன், ஆயிரம் கொடு" என்று வருகிற ஆளிடம் கொடுக்காதீர்கள்.

இனி மாட்டிக்கொள்ளும் இடங்களுக்கு வருவோம்.

முதலாவது வருமானச் சான்று. 1,20,000 என்றால் மாதம் பத்தாயிரம், அதுவும் குடும்பம் மொத்தத்துக்கும். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசு வைத்த கூலி 336 ரூபாய். கணவனும் மனைவியும் அந்தக் கூலிக்கு ஆளுக்கு 180 நாள் உழைத்தால் 1,20,960 ரூபாய் வருகிறது. வரம்பைத் தாண்டியாயிற்று. அரசே நிர்ணயித்த கூலிக்கு அரை வருடம் வேலை பார்க்கிற இரண்டு பேரை, உங்களுக்கு உதவி தேவையில்லை என்று வெளியே தள்ளுகிற வரம்பு இது. இதனால் நடைமுறையில் உங்கள் தகுதியை முடிவு செய்வது சான்றில் ஏறுகிற எண்தான். வி.ஏ.ஓ.விடம் போனால் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார் என்பார்கள், வந்த பிறகு கேட்டால் ஆன்லைனில் போடு என்பார். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கும்போது, தட்டச்சு செய்கிறவர் வருமானக் கட்டத்தில் என்ன போடுகிறார் என்று திரையை எட்டிப் பாருங்கள். நான் அதிகம் பார்த்தது இதைத்தான்: மகனின் கல்லூரி உதவித்தொகைக்காகப் போன வருடம் வாங்கிய சான்றில் யாரோ குத்துமதிப்பாக இரண்டு லட்சம் என்று போட்டிருப்பார்கள். உதவித்தொகைக்கு வரம்பு அதைவிட அதிகம் என்பதால் அப்போது யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதே சான்றைக் காப்பீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கேயே கதை முடிந்துவிடும். உண்மையில் வரம்புக்குள் இருக்கிறீர்கள் என்றால் புதிதாகச் சான்று வாங்கிக்கொண்டு போங்கள். ரேஷனில் அரிசி வாங்குகிறோம், அதுவே போதும் என்று நினைத்தும் போகாதீர்கள், இரண்டும் வேறு வேறு.

அடுத்தது ரேஷன் கார்டில் இருக்கிற பெயர்கள். இந்தத் திட்டத்துக்குக் குடும்பம் என்றால் அந்தக் கார்டில் இருப்பவர்கள்தான். கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து உடனே நீக்கிவிடுகிறார்கள், புகுந்த வீட்டுக் கார்டில் சேர்ப்பது மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. அந்த இடைவெளியில் அவளுக்கு எந்தக் குடும்பமும் இல்லை. சரியாக அந்த நேரத்தில்தான் முதல் பிரசவம், அறுவை சிகிச்சை, பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்று வந்து நிற்கும். பெயர் நீக்கும் அன்றே சேர்க்கவும் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வயதான பெற்றோரின் பெயர் மூத்த மகன் கார்டில் இருந்தால் அவனுடைய சம்பளமும் கணக்கில் வந்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் கையில் இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத் தலைவர் நேரில் வந்து படம் எடுக்கச் சொல்வார்கள். படுக்கையில் இருப்பவரே குடும்பத் தலைவர் என்றால் மருத்துவமனையிலிருந்து சேர்க்கைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், கடிதம் இல்லாமல் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். சனி ஞாயிறில் சேர்ந்தால் திங்கள் காலை வரை உங்கள் பாடு திண்டாட்டம். பீடி சுற்றும் அம்மா ஒருவர் கைரேகை இயந்திரத்தின் முன்னால் விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். முப்பது வருடம் இலை உருட்டிய விரலில் ரேகை இல்லை. "நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளைக்கு வந்தால் மட்டும் ரேகை முளைக்குமா? அப்படி ஆனால் ஓடிபி போடச் சொல்லுங்கள். அதற்கு ஆதாரில் உங்கள் இப்போதைய செல் எண் இருக்க வேண்டும். எண் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் வந்த மத்திய தணிக்கை அறிக்கையில், ஆயுஷ்மான் பதிவில் ஏறத்தாழ 7.5 லட்சம் பேருக்கு ஒரே செல் எண், பத்து இலக்கமும் ஒன்பது. யாரோ அவசரத்தில் தட்டிவிட்டார்கள். அந்த 7.5 லட்சம் பேருக்கும் ஒரு தகவல்கூடப் போய்ச் சேராது.

இவ்வளவு அலைச்சலைப் பார்த்த பிறகு யாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றுகிறது. எதற்கு இந்த வடிகட்டல், ரேஷன் கார்டு இருக்கிற எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் செலவை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. 1.37 கோடிக் குடும்பத்தை 849ஆல் பெருக்கினால் சுமார் 1,160 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் ரேஷன் கார்டுகள் 2.2 கோடிக்கு மேல், ஆக மிச்சக் குடும்பங்களுக்கும் அதே விலையில் இன்னும் 700 கோடிக்குக் குறையாது. இதுவரை காப்பீடு இல்லை என்பதால் மூட்டு வலியையும் கண்புரையையும் தள்ளிப்போட்டவர்கள் முதல் வருடமே வருவார்கள், வரத்தான் வேண்டும், ஆனால் 849 என்பது அப்புறம் 849ஆக இருக்காது. மத்திய அரசு 60 சதவீதம் தருகிறதே என்றால், அது 2011 சமூக-பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துப் போட்ட பட்டியலில் இருக்கிற குடும்பங்களுக்கு. புதிதாகச் சேர்ப்பவர்களின் சுமை மாநிலத்தின் தலையில்தான். நாடு முழுக்கப் பார்த்தால் எந்தக் காப்பீடும் இல்லாமல் நடுவில் மாட்டியவர்கள் சுமார் 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021இலேயே எழுதிவிட்டது.

வருமானம் பார்க்காமல் கொடுக்க முடியாது என்றும் இல்லை. 2024 அக்டோபர் 29இல் ஆயுஷ்மான் பாரத்தை 70 வயது ஆன எல்லோருக்கும் திறந்தார்கள், வருமானச் சான்று கிடையாது, ஆதாரே போதும். ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. நம் பாட்டி தாத்தாக்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1, வருடம் முகாமில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்துப் போட்டது. ஊருக்கே தெரிந்த 73 வயது ஆதாரில் 68ஆக இருந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். நோய் வருவதற்கு முன்பே அதைத் திருத்துங்கள். அதோடு, போகிற மருத்துவமனை அந்த அட்டையை ஏற்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பணத்தை ஒதுக்காமல் ஆட்களை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பதை 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் பார்த்தோம். பாக்கி வரவில்லை என்று தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்தின. நம் ஊரில் அப்படிக் கதவைச் சாத்த மாட்டார்கள், வேறு மாதிரி நடக்கும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறது. அது கட்டுப்படியாகவில்லை என்று நினைக்கிற மருத்துவமனை நோயாளியிடம் கை நீட்டுகிறது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அட்டை வாங்கிய பிறகு ஏமாறுவது முழுக்க இங்கேதான்.

"இந்த ஆஸ்பத்திரியில் காப்பீடு உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த நோய்க்கு, இந்த ஆபரேஷனுக்கு உண்டா?" என்று கேளுங்கள். ஒரு மருத்துவமனை எலும்பு முறிவுக்குப் பட்டியலில் இருக்கும், இதயத்துக்கு இருக்காது. வாசலில் இருக்கிற பெரிய பலகை இதைச் சொல்லாது. சேர்வதற்கு முன் 1800 425 3993க்கு அடித்து, ஊர், மருத்துவமனை, சிகிச்சை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். காசு கட்டாத எண்தான். உள்ளே போனதும் காப்பீட்டுக்கென்று ஒருவர் இருப்பார், முதலில் அவரைப் பார்த்து அட்டையைக் கொடுங்கள். அவர் முன் அனுமதிக்கு அனுப்பி, அனுமதி வந்த பிறகுதான் சிகிச்சை காப்பீட்டில் ஏறும்.

முன்பணம் கட்டுங்கள், காப்பீடு வந்ததும் திருப்பித் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள். இது ரொக்கமில்லாத் திட்டம். நீங்கள் கட்டிய பில்லைப் பிறகு கொண்டுபோய் எந்த அலுவலகத்திலும் பணமாக்க முடியாது. பூக்கார அக்காவுக்கு அடுத்த வாரமே ஆட்சியர் அலுவலகத்தில் புது அட்டை வாங்கினோம், முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. முதல் நாள் கட்டிய பணத்துக்கு அது உதவவில்லை. தோடு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

பணம் பிடுங்கும் இன்னொரு வழி, "காப்பீட்டில் சாதா ஸ்டென்ட்தான் வரும், நல்லது வேண்டுமென்றால் நாற்பதாயிரம் மேலே கட்டுங்கள்" என்பது. மருந்து, ரத்தம், ஸ்கேன் என்று பெயர் மாறும், பேச்சு ஒன்றுதான். அனுமதியான சிகிச்சைக்கான தொகையில் இவை அடக்கம். ரசீது கேளுங்கள். ரசீது தர மாட்டார்கள் என்றால் அது கேட்கக்கூடாத பணம் என்று அர்த்தம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். "என்னிடம் எந்தப் பணமும் வாங்கவில்லை" என்று அதில் அச்சாகியிருக்கலாம், கிளம்புகிற அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. படித்துவிட்டுப் போடுங்கள். கட்டியிருந்தால் அந்தத் தாளிலேயே எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதி, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அரசு மருத்துவமனையில் அட்டை கேட்டால் பயப்பட வேண்டாம். அங்கே உங்கள் சிகிச்சை எப்படியும் இலவசம். அட்டையை வைத்து அவர்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கும் தொகை அந்த மருத்துவமனைக்கே போகிறது, அதனால்தான் கேட்கிறார்கள். அட்டை இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

அட்டை வந்தாலும் தீராத செலவு ஒன்று இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, டாக்டர் ஃபீஸ், காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, இவை எதுவும் இதில் வராது. படுத்தால்தான் காப்பீடு. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேராகக் கையிலிருந்து போடுவது, அதில் பெரும்பங்கு இந்த மாத்திரையும் புறநோயாளிச் சீட்டும்தான். தாய்லாந்து 2002இல் எல்லோருக்கும் என்று தொடங்கியபோது 30 பாட் கட்டணத்தில் புறநோயாளி சிகிச்சையையும் சேர்த்தே கொடுத்தது. இங்கே எல்லோருக்கும் விரிவாக்குவோம் என்று பேசுகிறவர்கள் மாத்திரையைப் பற்றி வாயே திறப்பதில்லை. அதுவரை மாத மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், வீடு தேடி மாத்திரை தருகிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பயன்படுத்துங்கள், தனியார் கடையில் கொட்டாதீர்கள்.

பணம் பிடுங்கிவிட்டார்கள் என்றால் என்ன செய்வது? முதலில் அதே 1800 எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மனு எழுதுங்கள். அட்டை எண், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, கட்டிய தொகை, யாரிடம் கட்டினீர்கள், இவ்வளவு போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பில், கூகுள் பே ரசீது, அந்தக் கையெழுத்துத் தாளின் போட்டோ மூன்றையும் நகல் எடுத்து வைத்து, திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமே கொடுங்கள். இந்தத் திட்டத்தின் மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். வாசலில் இருக்கும் மேசையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், மனு எண் போட்ட சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.