குட்டியானைக்கு எக்ஸ்ட்ரா பட்டை போட்டால் போதுமா?

புது டாடா ஏஸ் எடுத்தவர் பலர் முதல் மாதத்திலேயே பட்டறையில் கேட்பது இது: "பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுக் குடுங்க, லோடு தாங்கணும்." பட்டை என்றால் வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு. போட்டால் தாங்கும்தான். ஆனால் தாங்குவது பட்டை மட்டுமே. பிரேக், ஹவுசிங் (பின் ஆக்சிலை மூடிய இரும்புக் கூடு), வீல் பேரிங், டயர், சேசிஸ் எல்லாம் கம்பெனி கொடுத்த பலத்திலேயே இருக்கின்றன. எக்ஸ்ட்ரா பட்டை இல்லாத வண்டியில் லோடு மிஞ்சினால் பின்பக்கம் உட்கார்ந்து காட்டிக்கொடுக்கும். பட்டை ஏறிய வண்டி அசையாமல் நிற்கும், ஓட்டுபவரும் இன்னும் நாலு மூட்டை ஏற்றுவார். பட்டை உடைந்தால் மாற்றுவது அரை நாள் வேலை. ஹவுசிங் வளைந்தாலோ, பட்டை மாட்டும் இடத்தில் சேசிஸ் வெடித்தாலோ வண்டி பல நாள் நின்றுவிடும்.

2005-ல் வந்த முதல் ஏஸ் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் கொண்டது. அதற்குச் சொன்ன லோடு முக்கால் டன். சிமெண்ட் என்றால் 15 மூட்டை, 25 கிலோ அரிசிச் சிப்பம் 30, இருபது லிட்டர் தண்ணீர் கேன் 35 சொச்சம். எம்-சாண்ட் 15 கன அடியைத் தாண்டினாலே அளவு மீறிவிடும், மழையில் நனைந்திருந்தால் இன்னும் முன்னாலேயே. உங்கள் வண்டியின் கணக்கு ஆர்.சி.யில் இருக்கிறது. மொத்த எடையில் வெற்று எடையைக் கழியுங்கள். வெற்று எடையில் ஓட்டுநர் சேராது, அதனால் அவரையும் பக்கத்தில் ஏறும் ஆளையும் கழிக்க வேண்டும். பின்னால் அடித்த இரும்புக் கூண்டும் தகட்டுத் தளமும்கூட அந்த முக்கால் டன்னைத்தான் தின்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அதிக லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000, இறக்குகூலி தனி.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். கனமான சாமான் பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வரட்டும். பின் டோர் ஓரமாகக் குவித்தால் முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் காற்றில் பிடித்தது போல லேசாகும், முன் டயருக்குப் பிடிமானம் குறைந்து பிரேக்கும் கைவிடும். கம்பி, பைப் ஏற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

வாரம் ஒரு தரம் லோடு இல்லாமல் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பட்டை ஒன்று போயிருக்கும். வெடிப்பு பெரும்பாலும், பட்டைகளை நடுவில் ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட் அருகில்தான் வரும். துருத்தூள் வழிந்த மெல்லிய கோடாகத் தெரியும். பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் லூசானால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கும். அதற்குமேல் ஓட்டினால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் பின்னுக்கு நகரும், வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். பட்டை வேலை செய்த வண்டியில் ஒரு லோடு அடித்து வந்ததும் யூ போல்டை மறுபடி முறுக்க வேண்டும். பாதிப் பேர் இதற்குத் திரும்பி வருவதே இல்லை.

ஃபர்ஸ்ட் கியரில் நகரும்போது அடியில் 'டக்' என்றால் பின் ஆக்சிலைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாப்டின் மூட்டான கிராஸைப் பாருங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களுக்கெல்லாம் மாதம் ஒரு முறை கிரீஸ் அடிப்பது நல்லது. தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு மறுநாளே. முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னை மறந்தால் முன் டயர் ஓரம் தேயும், அலைன்மெண்ட் எத்தனை முறை செய்தாலும் நிற்காது.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் பாருங்கள். அளவு கையேட்டில் உண்டு. லோடு வண்டிக்குப் பின் டயரில்தான் அதிகம். காற்று குறைந்த டயர் பக்கச் சுவரில் மடங்கி மடங்கிச் சூடேறும். மே மாத மத்தியான ரோட்டில் வெடிப்பது இப்படித்தான்.

இஞ்சின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சூடு ஏறுவது முதலில் ஓட்டுநருக்கே தெரியும், ஆனால் பழகிப்போகிறது. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரிய கேடு. உப்பு படிந்து குழாய் அடைத்து, ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போகும் வரை யாரும் கவனிப்பதில்லை. கலந்தே வரும் கூலண்ட் வாங்குங்கள். கெட்டியாக வருவதை டப்பாவில் சொன்ன அளவில் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்குங்கள். ஆயில் குச்சியில் பால் விட்ட டீ நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, சாவியைத் திருப்பாதீர்கள். கட்டி இழுத்து வருவதே மலிவு. கொதிக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

கொல்லிமலைக்கு லோடு ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 70 கொண்டை ஊசி வளைவுகள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் மொத்த எடையும் பிரேக்கில்தான் விழும். பிரேக் டிரம் சூடேறி, அதை உரசிப் பிடிக்கும் லைனர் வழுக்கும். பழைய பிரேக் ஆயில் ஈரம் குடித்திருப்பதால் கொதித்து ஆவியாகும், பெடல் தரைவரை போகும். அந்த ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள். பின் சக்கரத்தின் உட்புறம் ஈரம் கசிந்திருந்தால் லைனரை டிரம்மில் தள்ளும் வீல் சிலிண்டர் போய்விட்டது. லைனரில் ஆயில் ஏறியிருந்தால் அதைத் துடைத்துப் போடாதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

மீன் லோடு அடிக்கும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் தளத்தின் இடுக்கில் இறங்கி சேசிஸ் மேல் நிற்கும். மேலே கழுவினால் போதாது. அன்றன்றே அடியிலும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுங்கள். தளத்தின் வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள், செதில் அடைத்திருக்கும்.