ஆயுத பூஜைக்கு மறுவாரம் வரும் கீபோர்டுகள்

பெங்களூரு அல்சூரில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் மேசைக்கு வரும் சில லேப்டாப்களைத் திறந்தாலே விபூதி வாசனை அடிக்கும். போன வருடம் அப்படி ஒரு தம்பி வந்தார்.

"க்ளீன் பண்ணத்தாண்ணா செஞ்சேன். அதுக்கப்புறம் நாலு கீ வேலை செய்யல."

ஊரிலிருந்து வந்த அம்மா, திறந்திருந்த லேப்டாப்புக்குப் பொட்டு வைத்திருக்கிறார். உதிர்ந்த குங்குமத்தைத் தம்பி ஈரத்துணியால் துடைக்க, அது கரைந்து சந்துக்குள் இறங்கிவிட்டது. கறை போகவில்லையென்று கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை நேராகக் கீபோர்டு மேலேயே அடித்திருக்கிறார். குங்குமத்தால் ஒன்றும் ஆகவில்லை. கெடுத்தது அந்த ஸ்ப்ரேதான்.

கீகளுக்கு அடியில் மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் ஓடும் கோடுகள். நடுத்தாளில் கீக்கு ஓர் ஓட்டை. அழுத்தும்போது அந்த ஓட்டை வழியே இரண்டு கோடுகளும் தொட்டுக்கொள்ளும். ஒரே கோட்டில் பல கீகள் கோத்திருப்பதால், ஓரிடத்தில் ஈரம் அரித்தாலும் எங்கெங்கோ இருக்கும் நாலைந்து எழுத்துகள் சேர்ந்து போய்விடும். தம்பியின் கீபோர்டில் ஒரு கோடு கறுத்து அறுந்திருந்தது. இப்போதைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் கீபோர்டை மேல்பாகத்தோடு பிளாஸ்டிக் முளைகளை உருக்கி இறுக்கியிருப்பார்கள். அவருடையதும் அந்த ரகம். மேல்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

கீபோர்டைச் சுத்தம் செய்ய நான் செய்வது இதுதான். ஸ்லீப்பில் போடாமல் முழுக்க ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுவேன். ஆப்பிளின் எம் வரிசை சிப் உள்ள மேக்புக் வம்பு பிடித்தது, எந்தக் கீயைத் தொட்டாலும் ஆன் ஆகிவிடும். அதில் துணியின் ஈரத்தை இன்னும் குறைத்துக்கொள்வேன். பிறகு கவிழ்த்துப் பிடித்து மெதுவாகத் தட்டி, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் சந்து சந்தாகத் தள்ளுவேன். குங்குமம், விபூதி, மிக்சர் தூள் எல்லாம் உலர்ந்த நிலையிலேயே வெளியே வந்துவிட வேண்டும். அழுத்தக் காற்று அடைத்த கேன் இருந்தால், கேனை நிமிர்த்திப் பிடித்தே அடிக்க வேண்டும். கேனைச் சாய்த்தால் காற்றுக்குப் பதில் உறையவைக்கும் திரவம் பீய்ச்சும். 2015 முதல் 2019 வரை வந்த பட்டர்ஃபிளை என்ற மெல்லிய ரகக் கீபோர்டு உள்ள மேக்புக்குகளில் ஒரு துகள் சிக்கினாலே கீ நின்றுவிடும். லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துக் காற்றடிக்கச் சொல்லி ஆப்பிளே வழிமுறை கொடுத்தது.

பிசுக்குக்கு எஸ்.பி. ரோட்டில் வாங்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, பிழிந்தால் ஒரு சொட்டுகூட விழாத அளவில் துடைப்பேன். சானிடைசர் ஜெல் வேண்டாம், அதிலிருக்கும் கிளிசரின் போன்றவை பிசுபிசுவென்று தங்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது கீயின் பிளாஸ்டிக்கையே கரைக்கும். வீடியோ பார்த்துக் கீயை நெம்புகிறவர்களுக்கு ஒன்று: அடியில் கத்தரி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி முறிந்தால் அந்த மாடலுக்கான கொக்கியைத் தேடி அலைய வேண்டும். ஸ்பேஸ் பாரைத் தொடவே வேண்டாம், பெரும்பாலும் அதற்கு அடியில் கம்பி வேறு இருக்கும்.

காபி கொட்டினால் கதை வேறு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். அரிசி டப்பாவும் ஹேர் டிரையரும் வேண்டாம். முன்னது உள்ளே காய்ந்த சர்க்கரையை எடுக்காது, பின்னது தாள்களை நெளியவைக்கும். சுத்தம் செய்யும்வரை ஆன் செய்யாதீர்கள், ஈரத்தில் மின்சாரம் ஓடினால்தான் செம்பு வேகமாக அரிக்கும். ஜோகுபாளையாவிலிருந்து ஓர் அக்கா லேப்டாப்பை மடியில் கவிழ்த்தபடியே ஆட்டோவில் கொண்டுவந்தார், சேலையெல்லாம் காபி. கழற்றிக் கழுவி, மறுநாள் சாயந்திரம் அதே கீபோர்டோடு கொடுத்தேன்.