மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதும் மனுக்கள்

ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால், மீன் நாற்றம் பற்றி எங்களுக்கு வரும் மனுக்கள் அடியோடு குறைந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். அப்போது வருவதெல்லாம் தண்ணீர்ப் பிரச்சினை. படகுகள் மறுபடி கடலுக்குப் போனதும் ஈ, மீன் கழிவு, நண்டு ஓடு என்று ஆரம்பிக்கும். ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்தால் தேங்கிய தண்ணீர், கொசு. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று ராமநாதபுரம் கரையில் எங்கே வேலை பார்த்தாலும் ஒரு சுகாதார ஆய்வாளரின் வருடம் ஏறக்குறைய இப்படித்தான் ஓடும்.

இந்த மனுக்களை வாசித்து வாசித்து எனக்குப் பிடிபட்டது ஒன்று. நம் ஆட்கள் மூக்கை நம்பித்தான் புகார் செய்கிறார்கள். நாறினால் மனு வரும், நாறாவிட்டால் வராது. ஆனால் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது பெரும்பாலும் நாறாத சமாச்சாரம்தான்.

முதலில், மனு வந்ததும் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கிராமம் என்றால் குப்பை அள்ளுவதும் வாய்க்கால் தூர்வாருவதும் ஊராட்சியின் வேலை. அந்த அசுத்தத்தால் நோய் வருமா, யாரால் வருகிறது, எப்படி நிறுத்துவது என்று பார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்த சுகாதார ஆய்வாளரின் வேலை. நகராட்சி, பேரூராட்சி என்றால் அங்கேயே துப்புரவுப் பிரிவு இருக்கும். இறால் பண்ணைக் கழிவு, தொழிற்சாலைப் புகை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரை போகும். ஹோட்டல் சாப்பாடு கெட்டுப்போனது உணவுப் பாதுகாப்புத் துறைக்கு. மனுதாரருக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் தப்பான மேஜையில் விழுந்த மனு சரியான மேஜைக்கு நகர்ந்து வருவதற்குள் பாதிப் பிரச்சினை காய்ந்துபோகும், மீதிப் பாதி பழகிப்போகும்.

எங்கள் கையில் இருக்கும் சட்டம் பழையது. 1939-ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம், சென்னை மாகாணக் காலத்தில் போட்டது. பழசானாலும் பல் விழவில்லை. உடல்நலத்துக்குக் கேடு செய்யும் நிலையில் இருக்கும் கட்டடம், குட்டை, சாக்கடை, கழிப்பறை, குப்பைக்குவியல், ஆடு மாடு அடைக்கும் இடம் என்று எல்லாமே அதற்குள் அடங்கும். சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்து, இத்தனை நாளுக்குள் சரிசெய் என்று சொல்லலாம். கேட்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். உள்ளாட்சி அமைப்பே வேலையைச் செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கவும் வழி இருக்கிறது.

இதெல்லாம் நோட்டீஸுக்குப் பிறகு. நோட்டீஸ் யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பாதி நாள் போகிறது.

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து நாலு பக்கத்துக்கு ஒரு மனு வந்தது. முதல் மூன்று பக்கம் இடத்தகராறு. யார் யாருக்கு எப்போது எவ்வளவு இடம் விட்டுக்கொடுத்தார்கள், சுவர் எப்போது எழும்பியது, கல்யாண வீட்டில் என்ன பேச்சு நடந்தது. நாலாவது பக்கத்தின் கடைசியில்தான் "மேற்படியார் வீட்டுக் கழிவுநீர் எங்கள் வாசலில் தேங்குகிறது" என்ற வரி. நேரில் போனால், "பக்கத்து வீட்டு லாத்தாதான் சார், வேணும்னே இந்தப் பக்கம் திருப்பி விடுறாங்க" என்றார் மனு கொடுத்த அம்மா. லாத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா. லாத்தாவோ, "எங்க தண்ணி பின்னாடி தென்னைக்குப் போகுது, வந்து பாருங்க" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் தெரு வாய்க்கால் பச்சையாகக் கிடந்தது. குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மட்டும் வந்தால் அந்த நிறமும் அந்த வீச்சமும் வராது.

இந்த மாதிரி இடத்தில் பஞ்சாயத்து பேசிப் பிரயோஜனம் இல்லை. கடையில் சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கினேன். ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையாக, ஒரு பக்கெட் தண்ணீரில் நீலத்தைக் கரைத்து ஊற்றச் சொல்லிவிட்டு வாய்க்காலைப் பார்த்தபடி நின்றோம். லாத்தா வீட்டில் ஊற்றினோம், வரவில்லை. மனு கொடுத்தவர் வீட்டிலும் வரவில்லை. இரண்டு வீடு தள்ளி, இந்தச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத, வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் ஊற்றியதும் கொஞ்ச நேரத்திலேயே வாய்க்காலில் நீலம் இறங்கியது. அந்த வீட்டுக்குத் தொட்டியே கிடையாது, குழாயை நேரே வாய்க்காலில் சொருகியிருந்தார்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில். நோட்டீஸ் அவர் பெயருக்குப் போனது, அவர் தம்பி வந்து தொட்டி கட்டினார். லாத்தாவும் அந்த அம்மாவும் இன்னும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. அதற்குச் சுகாதாரத் துறையில் மருந்து இல்லை.

இதனால்தான், மனுவில் ஆளைப் பற்றி எழுதாதீர்கள், அசுத்தத்தைப் பற்றி எழுதுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். "இன்னார் வேண்டுமென்றே செய்கிறார்" என்ற வரியை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது. "பள்ளிவாசல் தெரு முனையில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில், காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கறுப்பாகத் தண்ணீர் வருகிறது, மூன்று வாரமாக" என்று இருந்தால் நான் 6 மணிக்கே அங்கே போய் நிற்பேன்.

கருவாட்டு விஷயத்திலும் இப்படித்தான். தலைமுறையாகக் கருவாடு காயப்போடும் மணலுக்குப் பக்கத்தில் பிளாட் வாங்கி வீடு கட்டிவிட்டு, ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று எழுதுகிறார்கள். கருவாடு காயும் வாசனையைச் சுகாதாரக்கேடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது ஒரு ஊரின் பிழைப்பு. ஆனால் அதே இடத்தில் மீனை அறுத்துக் குடலை அப்படியே விட்டால் அது வேறு கதை. இந்த வெயிலில் ஈ முட்டையிட்டுப் புழுவாகி மறுபடி ஈயாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மீன் கழுவிய தண்ணீரும் உப்புத் தொட்டித் தண்ணீரும் பள்ளத்தில் நின்றாலும் கேடுதான். அங்கே நான் சொல்வது, குடலைக் குழியில் போட்டு அன்றன்றைக்கே மணல் மூடுங்கள், கழுவும் தண்ணீர் தேங்காமல் பாருங்கள், மீனைத் தரையில் போடாமல் பரண் கட்டி வலைமேல் காயப்போடுங்கள் என்பதுதான். பரணில் காய்ந்த கருவாட்டில் மண் ஒட்டாது, விலையும் கூடுதலாகக் கிடைக்கும். விலையைச் சொன்னால்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள், நோட்டீஸைச் சொன்னால் இல்லை.

இனி நாறாத பக்கத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் பயம் அங்கேதான்.

நம் கரை முழுக்க மணல். கொஞ்சம் தோண்டினாலே ஊற்றுத் தண்ணீர் வரும். தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கையால் மணலைப் பறித்து நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே தங்குவதால் கிடைக்கிற வரம் அது. ஆனால் மழையை உள்ளே விடுகிற மணல் மலத்தையும் உள்ளே விடும். எங்கள் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று சொல்வதில் பலவற்றைத் திறந்து பார்த்தால், அடியில் தளமே போடாமல் உறை இறக்கிய குழிதான். நிறையாத டேங்க் என்று பெருமையாக வேறு சொல்வார்கள். நிறையவில்லை என்றால் எங்கே போகிறது? பக்கத்துக் கிணற்றுக்குத்தான்.

ஒரு மீனவர் குப்பத்தில் குழந்தைகளுக்கு வரிசையாக வயிற்றுப்போக்கு. நாங்கள் அங்கே போனது நர்சம்மா கொடுத்த தகவலை வைத்து, மனு எதுவும் வரவில்லை. குடும்பங்கள் எல்லாம் ஒரே ஊற்றுக் கிணற்றில்தான் எடுத்தன. கிணற்றடியில் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருவர் செம்பில் மொண்டு காட்டினார். "கண்ணாடி மாதிரி இருக்கு பாருப்பா. எங்க அப்பன் பாட்டன் குடிச்ச தண்ணி இது." பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. வாசனையும் இல்லை. மலக்கிருமி பார்க்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தோம். மறுநாள் பாட்டில் கறுத்துப்போயிருந்தது. அதைக் கையோடு கொண்டுபோய் அப்பத்தாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துவிட்டு, "இது எந்த வீட்டுக் குழிலேர்ந்து வருது?" என்றார். நான் கேட்க வேண்டிய கேள்வி அது. கிணற்றிலிருந்து இருபது அடி தூரத்தில், வீடு கட்டும் திட்டத்தில் புதிதாகக் கட்டிய கழிப்பறையின் உறைக்குழி இருந்தது. குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் 50 அடியாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மணல் தரையில், நீர்மட்டம் மேலே இருக்கும் இடத்தில், அதுவுமே பற்றாது என்பேன்.

உடனடி வேலை குளோரின். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், கரைத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரமாவது விடவேண்டும். குழாயில் பிடித்துச் சோதித்தால் லேசாக மஞ்சள் நிறம் காட்டவேண்டும், கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கவேண்டும். "தண்ணி மருந்து வாடை அடிக்குது" என்று அடுத்த வாரமே ஒரு மனு வந்தது. குளோரின் வாடைக்கு மனு வருகிறது, மலம் கலந்ததற்கு வரவில்லை. நான் என்ன சொல்ல?

கொசுவிலும் இதே கதை. சாக்கடையைக் காட்டி, டெங்கு வந்துவிடும் என்று எழுதுகிறார்கள். சாக்கடையில் பிறப்பது க்யூலெக்ஸ். கடிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், யானைக்கால் பரப்பும். டெங்கு பரப்பும் ஏடிஸ் நல்ல தண்ணீரில் பிறக்கிறது. ராமேஸ்வரம் தீவுக்குப் பழகிப்போன மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சியும் கிணறு, மாடித் தொட்டி, சிமென்ட் தொட்டி என்று சுத்தமான தண்ணீரைத்தான் தேடும். இந்த மாவட்டத்தில் காவிரித் தண்ணீர் தினமும் வருவதில்லை. வந்த அன்று குடம், டிரம், தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைக்காமல் யாரால் இருக்க முடியும்? தண்ணீர்ப் பஞ்சம்தான் இங்கே கொசுவை வளர்க்கிறது. தடைக்காலத்தில் கரையேற்றிய படகு, மூடியில்லாத ஐஸ் பெட்டி, தெர்மோகோல் பெட்டி என்று அதற்கு மேலும் சில இடங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு முறை காலிசெய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிப் பிடித்தால் தீர்ந்தது.

ஆனால் மனுவில் கேட்பது புகை மருந்து. அது பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், தொட்டிக்குள் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. புகை கண்ணுக்குத் தெரிவதால் வேலை நடந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

செப்டிக் டேங்க் லாரி பற்றி ஒரு வார்த்தை. ராத்திரியில் கருவேலங்காட்டிலோ கண்மாய் ஓரத்திலோ திறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். லாரிக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும், சுத்திகரிப்பு இடத்தில்தான் கொட்டவேண்டும். வண்டி எண்ணும் நேரமும் இருந்தால் பிடித்துவிடலாம். இதற்கென்றே 14420 என்ற எண் இருக்கிறது. அப்புறம், "ஆள் விட்டு இறக்கிச் சுத்தம் பண்ணுங்க" என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். தொட்டிக்குள் மனிதரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் வருடத்துச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இறங்கச் சொன்ன வீட்டுக்காரரும் தப்ப முடியாது.

சில சமயம் எதிர்த்தரப்பு ஒரு ஆள் இல்லை, உள்ளாட்சி அமைப்பேதான். வாய்க்கால் கட்ட நிதி இல்லை என்பார்கள். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் நகராட்சியும் இதைத்தான் சொன்னது. 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், காசில்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கு தொடங்கியது பொதுத்தொல்லையை அகற்ற மாஜிஸ்திரேட் உத்தரவு போடும் பிரிவில். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 152. கோட்டாட்சியரிடம் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுக்கலாம், வக்கீல் கூட வேண்டியதில்லை. கிராமசபையில் தீர்மானமாகப் போட்டு அதன் நகலையும் சேர்த்தால் இன்னும் கனம் கூடும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலோ முதல்வரின் உதவி எண்ணான 1100-க்கோ புகார் கொடுத்தால் ஒரு எண் தருவார்கள். அந்த எண் இருந்தால்தான், மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று உங்களால் கேட்க முடியும். பதில் வராவிட்டால், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் சொல்லியாகவேண்டும். ரசீதைச் சட்டைப்பையில் வைத்துத் துவைத்துவிட்டு வந்து நிற்பவர்கள் அதிகம். வாங்கிய உடனே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.