அம்பலப்படுத்துபவரா, காட்டிக்கொடுத்தவரா?

காட்பாடிப் பக்கம் அண்மையில் ஒரு பட்டிமன்றம். நோபல் அமைதிப் பரிசுக்குத் தகுந்தவர்கள் அரசியல் தலைவர்களா, அரசின் ரகசியங்களை வெளியிட்டவர்களா என்பது தலைப்பு. தலைவர்கள் அணியில் பேசியவர், அமெரிக்க உளவுத்துறையின் ரகசியக் கண்காணிப்பை வெளியிட்ட எட்வர்டு ஸ்னோடனைக் 'காட்டிக்கொடுத்தவர்' என்றார். எதிரணிக்காரர் 'விசில் அடித்தவர்' என்று திருத்தினார். பின்வரிசை இளைஞர்கள் உடனே விசில் அடித்தார்கள். சரியான சொல் கையில் இல்லாத அணி அங்கேயே பாதி தோற்றுவிட்டது.

தான் இருக்கும் அமைப்பின் முறைகேட்டை வெளியே சொல்பவரை ஆங்கிலத்தில் 'விசில் புளோயர்' என்பார்கள். அவருக்குத் தமிழில் என்ன பெயர்? அது ஆங்கிலத்திலேயே பழைய சொல் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் போலீசார் கிலுகிலுப்பையை விட்டுவிட்டு விசிலுக்கு மாறினார்கள். திருடனைக் கண்டால் ஊத வேண்டும். கேட்டவர்கள் ஓடிவர வேண்டும். பிறகு விளையாட்டு நடுவரின் விசிலும் சேர்ந்துகொண்டது. தவறு நடந்தது, ஆட்டத்தை நிறுத்து என்பது அதன் பொருள். தான் வேலைபார்க்கும் இடத்து முறைகேட்டை வெளியே சொல்பவரைக் கோள்சொல்லியாகப் பார்த்த காலம் ஆங்கிலத்திலும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடர் போன்றவர்கள்தான் இந்தச் சொல்லுக்கு மரியாதை தேடித் தந்தார்கள்.

தமிழ்நாட்டில் விசில் ஊதுவது கண்டக்டரும் குக்கரும். அடிப்பது தியேட்டர் ரசிகர்கள். 'ஊதல்', 'சீழ்க்கை' என்று தூய தமிழுக்கு மாற்றினாலும் எச்சரிக்கை என்ற பொருள் ஏறுவதில்லை. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது வீண்வேலை.

'காட்டிக்கொடுத்தவர்' ஏன் பொருந்தாது என்பதற்கு வேலூர்க் கோட்டையே சான்று. 1806 ஜூலை 10 விடியலில் வெடித்த சிப்பாய்ப் புரட்சியின் திட்டத்தை, முந்தைய மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் சொல்லிவிட்டார். கர்னல் அதை விசாரிக்கச் சொன்னது இந்திய அதிகாரிகளிடம். திட்டத்தில் பங்குடையவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். 'இவனுக்குப் பைத்தியம்' என்று சொல்லி அவரை அடைத்துவைத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து புரட்சியை நசுக்கிய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி முஸ்தபா பேக்குக்கு 2,000 வராகனும் சுபேதார் ஓய்வூதியமும் வழங்கியது.

உள்ளே இருந்தவர், உண்மையைச் சொன்னவர், ஆபத்தை அறிந்தே சொன்னவர், பைத்தியம் என்று பட்டம் சுமந்தவர். விசில் புளோயருக்கு உரிய எல்லா அடையாளமும் முஸ்தபா பேக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் வேலூரில் மக்கான் அருகே நிற்கும் நினைவுத்தூண், அவரால் காட்டிக்கொடுக்கப்பட்ட சிப்பாய்களுக்காக எழுப்பப்பட்டது. செய்தி எந்தப் பக்கம் போனது என்பதுதான் வேறுபாடு. ஆளப்படுவோரின் ரகசியத்தை ஆள்வோர் காதில் போடுவது ஒற்று. ஆள்வோரின் ரகசியத்தை ஆளப்படுவோர் முன் வைப்பது வேறு செயல். காட்டிக்கொடுக்கும்போது ஓர் ஆள் எதிரியின் கைக்குப் போகிறார்; இங்கே செய்தி ஊருக்குப் போகிறது.

வேறு என்ன சொற்கள் உள்ளன? 'தகவலைக் கசியவிட்டவர்' என்பது குழாய் ரிப்பேர் போல ஒலிக்கிறது. கசிவு தானாகவும் நடக்கும். 'இடித்துரைப்பவர்' அழகான சொல். இடிப்பாரை இல்லாத மன்னன் கெடுப்பார் இலானும் கெடும் என்கிறது குறள். ஆனால் அந்த இடிப்பார் மன்னனின் முகத்துக்கு நேரே, அவைக்குள் பேசுபவர். உள்ளே பேசிப் பயனில்லாமல் வெளியே வருபவருக்கு அச்சொல் போதாது.

என் தேர்வு 'அம்பலப்படுத்துபவர்'. அம்பலம் என்றால் ஊர் கூடும் பொது இடம், மன்று. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற பழமொழிக்குள் இந்த மனிதர்களின் கதை முழுவதும் இருக்கிறது. (அம்பலகாரர் என்று சுருக்கிவிடக் கூடாது, தெற்கே அது ஊர்த்தலைவர்.) ஒரு குறையும் உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1996இல் தீர்ப்பு வாங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்றமும் அம்பலப்படுத்தியதுதான். ஆனால் அது வெளியிலிருந்து வந்த குரல். தொழிற்சாலையின் கணக்கரே இரவில் திறந்துவிடப்படும் கழிவின் கணக்கை வெளியே தந்தால்தான் நாம் தேடும் சொல் அவருக்கு ஆகும். 'உள்ளிருந்து அம்பலப்படுத்துபவர்' என்று எழுதினால் நீளம்தான்; பொருள் பிசகாது.

சத்யேந்திர துபே அப்படிப்பட்டவர். தங்க நாற்கர சாலைத் திட்டத்தின் ஜார்க்கண்ட் பகுதியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர். பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டும் வைக்கவில்லை. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வேலூரைத் தொட்டுச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையும் அதே திட்டத்தில் அகலமானதுதான். இப்படி அம்பலப்படுத்துபவர்களுக்கான பாதுகாப்புச் சட்டத்துக்கு 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தும், அது நடைமுறைக்கு வராமலே ஆண்டுகள் ஓடின.

இனி பரிசு. துபேயின் நேர்மைக்கு எந்த விருதும் தகும். அமைதிப் பரிசு மட்டும் பொருந்தாது. ஆல்ஃபிரட் நோபலின் 1895 உயில் கேட்பது நாடுகளிடையே நட்பு, படைக் குறைப்பு, அமைதி மாநாடுகள். ஆனால் ரகசியமாகப் படை திரட்டுவதை அம்பலப்படுத்தினால் அந்த உயிலுக்குள் வந்துவிடலாம். கார்ல் வான் ஒசியெட்ஸ்கி அப்படி வந்தவர். முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தத்தை மீறி ஜெர்மனி விமானப்படை அமைப்பதைத் தன் இதழில் வெளியிட்டுத் துரோகி என்று சிறை சென்றார். 1935ஆம் ஆண்டுக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் இதழாசிரியர், உள்ளிருந்தவர் அல்லர். இருந்தாலும் நோபல் பட்டியலில் நம் சொல்லுக்கு மிக அருகில் நிற்பவர் அவரே.

பதவியில் இருக்கும் தலைவருக்குப் பரிசு தருவது முன்பணம் கொடுப்பதுதான். ஒபாமா 2009இல் பதவியேற்ற இரண்டு வாரத்துக்குள் பரிந்துரைக் கெடு முடிந்திருந்தது. அந்த ஆண்டே பரிசு. எத்தியோப்பியாவின் அபிய் அகமதுக்கு 2019இல் பரிசு, 2020இல் அந்நாட்டின் டிக்ரே பகுதியில் போர். 1973இல் அமெரிக்காவின் கிஸிஞ்சருடன் பகிர்ந்தளிக்கப்பட்ட பரிசை, அமைதி இன்னும் வரவில்லை என்று வியட்நாமின் லே டக் தோ மறுத்தார். தலைவர்களில் நேர்மையான பதில் அவருடையது.

ஸ்னோடனை நார்வே அரசியல்வாதிகள் பரிந்துரைத்தும் நோபல் கிடைக்கவில்லை. 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்கு 2014இல் கிடைத்தது. இஸ்ரேலின் அணு ஆயுத ரகசியத்தை வெளியிட்ட வனுனு 1987இலும், வியட்நாம் போர் ஆவணங்களை வெளியிட்ட எல்ஸ்பெர்க் 2006இலும் அதே விருதைப் பெற்றிருந்தார்கள்.