பழைய சங்கிலி வாளின் திருகாணியைத் தொடுமுன் காற்றுக் கசிவைத் தேடுங்கள்

கடந்த வாரமும் ஒரு பழைய ஸ்டில் 038 சங்கிலி வாள் என் திருத்தும் மேசைக்கு வந்தது. வெள்ளவத்தையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதை மலையகத்தில் வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிக் கழுவி, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபுரேற்றருக்குப் புதிய டயஃபிரம் (மெல்லிய சவ்வு) போட்டு, ஓடவும் வைத்திருக்கிறார். "அண்ணை, முந்தியைவிட இப்ப நல்லாக் கத்துது, ஆனா சூடேறினதும் நிண்டுபோகுது" என்றார். சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தோம். வழவழப்பாக இருக்க வேண்டிய பிஸ்டனின் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் ஓடின; உருகிய அலுமினியம் படிந்து, ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக் கிடந்தது.

பழைய சங்கிலி வாள்களைத் திருத்துவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ரப்பர் குழாயைத் தேடிப் பிடிக்கும் பொறுமை, இத்தொழிலில் சம்பளம் வாங்குபவர்களிடமே குறைந்துவருகிறது. அதனால்தான் இவ்வளவு உழைப்பும் ஒரே ஒரு திருகாணியின் அரைச் சுற்றில் வீணாவதை மீண்டும் மீண்டும் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

எஞ்சின் எவ்வளவு உச்சமாக அலறுகிறதோ அவ்வளவு நன்றாக டியூன் ஆகியிருக்கிறது என்ற எண்ணம் முற்றிலும் தவறானது. காபுரேற்றரில் எச் (H) என்று குறிக்கப்பட்ட, முழு வேகத்துக்கான பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் திருகாணியை வலப்பக்கம் திருப்பத் திருப்பப் பெற்றோல் குறைகிறது, சுற்று வேகம் ஏறுகிறது, சத்தம் கூர்மையாகிறது. கேட்பவர் அதை வலு என்று நினைத்துவிடுகிறார். ஆனால் இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இதற்குத் தனியான ஒயில் தொட்டி கிடையாது. பிஸ்டனுக்கும் கிராங்க் பெயாரிங்குக்கும் போய்ச் சேரவேண்டிய ஒயில் முழுவதும் பெற்றோலோடு கலந்தே வருவதால், நீங்கள் பெற்றோலைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் ஒயிலையும் சேர்த்தே குறைக்கிறீர்கள். உள்ளே வந்து ஆவியாகி எஞ்சினைக் குளிர்விக்கும் எரிபொருளும் குறைகிறது. வேகம் கூடிய நேரத்தில் மசகும் குளிர்ச்சியும் குறைந்தால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் உரசுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதைச் சொன்னதும் பலர், "அப்படியானால் ஒயிலைக் கொஞ்சம் கூட்டிக் கலந்துவிடுகிறேன்" என்கிறார்கள். அதுவும் பிழையான கணக்கே. திருகாணி விடும் அளவு மாறாதபோது கலவையில் ஒயில் கூடினால், அதே துவாரத்தின் வழியே போகும் பெற்றோல் குறையும். எரிகலவை இன்னும் வறண்டுபோகும். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40 மில்லிலீற்றர். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் காபுரேற்றரையும் மறுபடி சரிசெய்தே ஆகவேண்டும். கண்ணளவில் ஊற்றாதீர்கள், மருந்துக் கடையில் வாங்கும் ஊசிக்குழாய் ஒன்று போதும்.

சரியாக டியூன் செய்யப்பட்ட வாள், சுமையில்லாமல் முழு வேகத்தில் ஓடும்போது சற்றுக் கரகரத்து, தடுமாறுவதுபோல ஒலிக்கும். மரத்துக்குள் இறங்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் தெளியும். வெளியிலேயே தெளிந்த சத்தம் கேட்டால் பெற்றோல் போதவில்லை என்று பொருள். ஆகவே எஞ்சின் நன்கு சூடான பிறகு, கூர்மையான சங்கிலியோடு, உண்மையான மரக்கட்டை ஒன்றை அறுத்துப் பார்த்தே திருகாணியை நிறுத்த வேண்டும். 106 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஸ்டில் 070 போன்ற பழைய பெரிய எஞ்சினை, இன்றைய வாள்களின் நிமிடத்துக்கு 13,000 சுற்றுக்கு ஏற்றப் பார்ப்பது அதை அழிப்பதற்குச் சமம்.

மலையகத் தோட்டப்புறங்களிலிருந்து வாள்களை வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கு சரியாக ஓடிய வாளை அதே அமைப்போடு கொழும்பில் ஓட்டினால் காற்று கூடிவிடும், பெற்றோல் போதாமல்போகும். எனவே கீழே கொண்டுவந்ததும் எச் திருகாணியைச் சற்று இடப்பக்கம் திறந்துவிட்டே முதலில் ஓட்டுங்கள்.

ஆனால் திருகாணி கடைசி வேலை. முப்பது, நாற்பது வருடப் பழைய எஞ்சினில் கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றை அடைக்கும் சீல்களும், காபுரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பரும், எஞ்சினின் அழுத்தத் துடிப்பைக் காபுரேற்றருக்குக் கொண்டுபோகும் இம்பல்ஸ் குழாயும் இறுகி வெடித்திருக்கும். அவ்வழியே புகும் காற்றைத் திருகாணியால் ஈடுசெய்யப் பார்ப்பவர், சூடேறியதும் கசிவு இன்னும் விரியும் என்பதை மறந்துவிடுகிறார். ஆக்சிலரேற்றரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்கினாலோ, வாளைச் சாய்க்கும்போது ஐட்லிங் மாறினாலோ கசிவைச் சந்தேகியுங்கள். உள்ளே வரும் துவாரத்தையும் வெளியேறும் துவாரத்தையும் அடைத்து, அரை பார் அளவு காற்றழுத்தம் கொடுத்துச் சவர்க்கார நீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். அழுத்தத்தோடு நிறுத்தாமல் வெற்றிடச் சோதனையும் செய்யுங்கள். வெளிநோக்கிய அழுத்தத்தைத் தாங்கும் சீல், உறிஞ்சும்போது விட்டுக்கொடுப்பது உண்டு. (மேலே சொன்ன 038இன் கிளட்ச் பக்கச் சீல் அப்படித்தான் இருந்தது. சிலிண்டர் தப்பியது: ஒட்டியிருந்த அலுமினியத்தை ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைத்தோம், சிலிண்டரின் உட்சுவர் முலாம் உரியவில்லை. முலாம் உரிந்திருந்தால் அந்தச் சிலிண்டர் பழைய இரும்புக்குத்தான். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அமிலத்தைத் தொடவே வேண்டாம்.)

உங்கள் உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொந்தரவாக இருக்கிறது என்று, சங்கிலியை நொடியில் நிறுத்தும் செயின் பிரேக்கைக் கழற்றி எறிந்த வாள்கள் என்னிடம் வருகின்றன. பிரேக்கைத் திரும்பப் பொருத்தாமல் நான் எதையும் கையளிப்பதில்லை. 070 போலப் பிரேக்கே இல்லாமல் வந்த வாள்களில் பாரின் (சங்கிலி சுற்றியோடும் நீண்ட தகட்டின்) நுனி மேற்பகுதி மரத்தில் பட்டால், அது முகத்தை நோக்கித் தூக்கி எறிவதைத் தடுக்க எதுவுமில்லை; பழக்கமில்லாதவருக்கு அவற்றை இரவல் கொடுக்காதீர்கள். பாரும் சங்கிலியும் பூட்டாமல் முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. பிரேக்கைப் போட்டபடி ஆக்சிலரேற்றரை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. அடுக்குமாடியின் நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் வைத்து டியூன் செய்பவர்களே, தயவுசெய்து வெளியே வாருங்கள். புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

கலந்த பெற்றோலைக் குளிர்பானப் போத்தலில் வைக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக் ஒயிலின் நிறம் சேர்ந்ததும் அது சிறுபிள்ளையின் கண்ணுக்குச் சர்பத்தாகவே தெரியும். எரிபொருளுக்கென விற்கும் கலனில் ஊற்றி, கலந்த திகதியையும் விகிதத்தையும் மேலே எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் அதை வாளில் ஊற்ற வேண்டாம்.